குரலும் உழைப்பும்

(கோலார் தங்கவயலில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் படித்து, மத்திய அரசுப் பணியில் தலை நரைத்த ஒருவன், குரல்வளை அறுவை மருத்துவத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். எனினும் இப்பொருள் பற்றிப் பேச எனக்கு இரண்டு உரிமைகள் உண்டு. இந்த ஊரில் பிறந்தவன் என்பது ஒன்று. குரலை இழந்து மூன்றாண்டுகள் கழித்து அதைத் திரும்பப் பெற்ற ஓர் ஆசிரியைக்குத் தம்பி என்பது மற்றொன்று.

முதலில் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை விசித்திரமான ஓர் ஆவணம். மனித உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இழப்புக்கும் வருவாய்த் திறனில் இத்தனை சதவிகிதம் என்று அது விலை குறித்தது. கட்டைவிரல் போனால் 30 சதவிகிதம். மறு கண் நன்றாக இருக்க ஒரு கண்ணை மட்டும் இழந்தால் 40. இரு காதுகளும் முற்றிலும் கேளாமற் போனால் 100. முகம் மிகக் கொடுமையாகச் சிதைந்தாலும் 100. இந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் அதில் ஒரு சொல் அகப்படாது. அந்தச் சொல் ‘குரல்’.

அட்டவணையில் இல்லாத பாதிப்புக்கு இழப்பீடே கிடையாது என்று நான் சொல்லவில்லை. வருவாய்த் திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட்டால், அந்த விகிதத்தில் பெற வழி இருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அட்டவணை முறையே தொடர்கிறது. ஆனால் அலுவலகத்தில் பணிபுரிவோருக்கு ஓர் உண்மை தெரியும். பட்டியலில் உள்ள இனம் தானே நகரும். பட்டியலில் இல்லாத இனத்தை ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதிலும் பேச முடியாதவர் எங்ஙனம் தள்ளுவார்?

சட்டம் இயற்றியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் கண்முன் இருந்த தொழிலாளி கையாலும் தோளாலும் உழைத்தவன். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு வந்தது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, நூற்றிருபது ஆண்டுகள் இங்கு நடந்த உழைப்பில் குரலுக்கு அதிக இடம் இருந்ததில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றது. துளைக்கருவியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சே காதில் விழாது. ஆட்களை ஏற்றி இறக்கிய கூண்டுக்கும் மணியொலிக் குறிப்புகளே கட்டளை. குரல் கம்மிய ஒருவன் அங்கு நாள் முழுதும் வேலை செய்துவிட்டு வரலாம், மேஸ்திரிக்குக்கூடத் தெரியாது.

இன்று நிலைமை என்ன? விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் இரயிலில் ஏறிப் பாருங்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவைத் தினந்தோறும் கடந்து பிழைக்கச் செல்லும் நம் பிள்ளைகள் என்ன வேலைக்குப் போகிறார்கள்? கடையில் விற்பனையாளர், வங்கியின் தொலைபேசிப் பிரிவு, மருத்துவமனை வரவேற்பு மேசை, காவலர், ஓட்டுநர், ஆசிரியர். பெட்டிக்குள் முறுக்கும் கடலையும் விற்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா கையால் சம்பாதித்தார். பேத்தி குரலால் சம்பாதிக்கிறாள். உழைப்பின் கருவி மாறிவிட்டது. அந்தக் கருவி பழுதானால் எங்கே செப்பனிடுவது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

கருவியின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். கழுத்தின் முன்புறம் ஆண்களுக்குத் துருத்தித் தெரியும் குருத்தெலும்பின் உட்புறத்தில், மூச்சுக்குழலின் வாயிலில், இரண்டு சதை மடிப்புகள் உள்ளன. இவற்றையே குரல் நாண்கள் என்கிறோம். மூச்சு விடும்போது அவை விலகி நிற்கும். பேசும்போது நடுவில் வந்து ஒன்றையொன்று தொட, நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களுக்கு ஏறக்குறைய இருநூறு முறையும் அவை அதிர்கின்றன. விழுங்கும்போது இறுக மூடி, நீரும் உணவும் மூச்சுக்குழலில் இறங்காமல் காப்பதும் இவையே.

இவற்றை இயக்கும் நரம்பின் வழி வேடிக்கையானது. மூளையிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியே இறங்கும் அது, குரல்வளையைக் கடந்து கீழே போய்விட்டுத் திரும்பி மேலே வருகிறது. இடப்புற நரம்போ மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வளைந்து வரும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஆண்டர்சன்பேட்டைக்குச் செல்ல வேண்டியவர் பங்காருப்பேட்டை வரை போய்த் திரும்பி வருவதற்கு இது ஒப்பாகும். வழி நீண்டால் விபத்தும் கூடும் அல்லவா? ஆகையால் இடப்புற நாணே அதிகமாகச் செயலிழக்கிறது. கேலன் என்ற பண்டைக்கால மருத்துவர், அலறும் பன்றியின் கழுத்தில் இந்த நரம்பை அறுத்ததும் அலறல் நின்றுபோனதைக் கண்டு பதிவு செய்தார். குரல் எங்கிருந்து ஆளப்படுகிறது என்பது ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அதைச் சரிசெய்யும் வழிதான் இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருந்தது.

நரம்பு கெடுவதற்குக் காரணங்கள் பல. தைராய்டு சுரப்பியில் செய்யும் அறுவை முதன்மையானது. நரம்பு அந்தச் சுரப்பியின் முதுகை ஒட்டியே செல்கிறது. நுரையீரல் புற்றுநோய், இதய அறுவை, மூச்சுக்குழலில் குழாய் செலுத்துதல், சில நச்சுயிரிக் காய்ச்சல்கள் ஆகியவையும் உண்டு. சிலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. நம் ஊரைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கருத வேண்டும். பாறைத் தூசியை மூச்சில் இழுப்பதால் வரும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது இந்தத் தங்கவயலில்தான். 1940களில் இங்கு ஆயிரக்கணக்கான தொழிலாளரிடம் நடத்திய ஆய்வில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டது. சிலிகோசிஸ் உள்ள நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். காசநோயால் மார்பின் நிணநீர்க் கணுக்கள் வீங்கினால், சில வேளை இடப்புற நரம்பு அவற்றிடையே நசுங்கும். பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குக் குரல் கம்மினால், “சளிதான், கஷாயம் குடியுங்கள்” என்று அனுப்பிவிடலாகாது. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், எவருக்கானாலும், காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைக் கருவி கொண்டு பார்த்தே தீர வேண்டிய அறிகுறி. அது வெளியே தெரியாத ஒரு புற்றுநோயின் முதல் அறிவிப்பாகவும் இருக்கலாம். குரலைச் சீர்செய்யும் அறுவை அதற்குப் பின்னர் வருவது.

என் அக்காவுக்கு வந்தது தைராய்டு அறுவைக்குப் பிறகு. கழுத்துக் கழலையை அகற்றினார்கள். கழலை நல்லபடியாகப் போயிற்று. மயக்கம் தெளிந்ததும் பேச வாயெடுத்தார்; காற்று வந்தது, குரல் வரவில்லை. “வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும், பேசாமல் இருங்கள்” என்றார்கள். எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த நரம்பு நுட்பமானது. தேர்ந்த கைகளிலும் சில வேளை பழுதுபடும் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆனால் ‘எத்தனை நாள்’ என்ற கேள்விக்கு விடை கிடைக்காததுதான் அவருக்கு மூன்றாண்டுகளைச் செலவாக்கியது.

அவர் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஐந்தாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாடத்தை ஒரு மாணவியை விட்டு உரக்கப் படிக்கச் செய்வார். அமைதி வேண்டுமானால் மேசையைத் தட்டுவார். ஒரு பருவம் அப்படி ஓடியது. பிறகு நிர்வாகம் அவரை அலுவலக அறைக்கு மாற்றியது, குறைந்த சம்பளத்தில். அது தனியார் பள்ளி. அரசு நிறுவனமாக இருந்து, அவருடைய குறை ஊனமாகச் சான்றளிக்கப்பட்டிருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பணிக்காலத்தில் ஊனமுற்றவரைப் பதவி குறைக்க முடியாது. அச்சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. குரல்வளையை அகற்றியவர்களையும் மூளைப் பாதிப்பால் பேச்சிழந்தவர்களையும் அது எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. நாண் செயலிழந்தவர் சான்றிதழ் பெறுவது ஒவ்வொரு முறையும் மருத்துவக் குழுவின் மதிப்பீட்டைப் பொறுத்தது. ‘நிரந்தரக் குறை’ என்ற சொல்லே அங்கு முதல் தடை. சீர்செய்யக் கூடியதை நிரந்தரம் என்று எப்படி எழுதுவது?

சம்பளக் குறைவை எழுத எங்களுக்குக் கணக்குப் புத்தகம் உண்டு. மற்றவற்றை எழுத எந்தப் பேரேடும் இல்லை. பேருந்தில் நிறுத்தம் வந்ததைச் சொல்ல முடியாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருவார். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறும். விருந்து வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டார். தொலைபேசியில் நான் கூப்பிட்டால், ஒரு வாக்கியத்துக்குள் மூன்று முறை மூச்சு வாங்குவார். “கடிதமே போடு தம்பி” என்று ஒருநாள் சொன்னார். அந்த மூன்று சொல்லையும் இரண்டு தவணையாகத்தான் சொன்னார்.

ஒரு நாண் மட்டும் அசையாமல் நின்றுவிட்டால் என்ன நடக்கிறதென்றால், நல்ல நாண் நடுக்கோடு வரை வந்து துணையைத் தேடுகிறது, துணை வரவில்லை. இடைவெளியில் காற்று வீணாக வெளியேறுகிறது. நலமாக உள்ளவர் ஒரே மூச்சில் ‘ஆ’ என்று பதினைந்து நொடிக்கு மேல் இழுக்க முடியும். அக்காவுக்கு நான்கு நொடி. இதை அளக்க ஒரு கடிகாரம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அளந்து பார்க்கலாம்.

செயலிழந்த நாணை மீண்டும் அசைய வைப்பது கடினம். ஆனால் அதை நடுவுக்கு நகர்த்தி வைத்துவிட்டால், நல்ல நாண் வந்து அதன்மேல் மோதி ஒலி எழுப்பும். இந்த எளிய எண்ணமே இந்த மருத்துவத்தின் அடிப்படை. 1911இல் ஜெர்மானிய மருத்துவர் புரூனிங்ஸ், பாரஃபின் மெழுகை ஊசியால் நாணுக்குள் செலுத்தி அதைப் பருக்கச் செய்தார். குரல் வந்தது, மெழுகு இடம் பெயர்ந்தது. 1962இல் அமெரிக்காவில் ஆர்னால்டு டெஃப்லான் பசையைச் செலுத்தினார். அதுவும் பல ஆண்டுகள் பரவலாக இருந்தது. பின்னர் அதைச் சுற்றிச் சதைக் கட்டிகள் தோன்றுவதும், ஒருமுறை உள்ளே போனதை எளிதில் வெளியே எடுக்க முடியாததும் கண்டு மருத்துவர்கள் அதைக் கைவிட்டனர்.

திருப்பம் 1974இல் ஜப்பானிலிருந்து வந்தது. கியோட்டோவைச் சேர்ந்த நொபுஹிகோ இஷ்ஷிகியும் அவருடைய குழுவினரும், நாணைத் தொடாமலே அதை நகர்த்தும் வழியை வகுத்தனர். நாண்கள் ஒட்டியிருக்கும் குருத்தெலும்புச் சட்டத்தை மாற்றியமைத்தால் நாண் தானே இடம் மாறும் என்பது அவர் கருத்து. தைரோபிளாஸ்டி என்று அதற்குப் பெயர். அதில் நான்கு வகைகளை அவர் வகுத்தார். நாணை நடுவுக்குத் தள்ளுவது முதல் வகை. கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் நம் தச்சர் கதவை இழைக்காமல் நிலைச்சட்டத்தில் ஆப்பு வைப்பார் அல்லவா? அதே தொழில்தான்.

செய்முறை இதுவே. நோயாளிக்குக் கழுத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். முழு மயக்கம் தருவதில்லை. ஏனெனில் நோயாளி பேச வேண்டும். கழுத்து மடிப்பை ஒட்டிச் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, குருத்தெலும்பில், நாணின் மட்டத்துக்கு நேராக, ஒரு சிறு சன்னல் திறக்கிறார்கள். சுமார் பத்து மில்லிமீட்டர் நீளம், ஐந்தாறு மில்லிமீட்டர் உயரம். நம் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதன் வழியே சிலிக்கோன் துண்டு ஒன்றை உள்ளே வைத்து நாணை நடுவுக்குத் தள்ளுகிறார்கள். சிலர் கோர்டெக்ஸ் நாடாவையோ டைட்டானியத் தகட்டையோ பயன்படுத்துவர். “ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள்” என்று மருத்துவர் சொல்ல, நோயாளி எண்ண எண்ண, துண்டைச் செதுக்கி, முன்னும் பின்னும் நகர்த்தி, குரல் எப்போது தெளிகிறதோ அங்கே நிறுத்துகிறார்கள். அளவுகோல் மருத்துவரின் காதுதான். அறுவை நீண்டுகொண்டே போனால் நாண் வீங்கி, காதை ஏமாற்றிவிடும். ஆகவே கை விரைந்து செயல்பட வேண்டும்.

அக்கா எண்ணவில்லை. முதல் இரண்டு எண்களைச் சொன்னவர், மூன்றாவதாகக் குரல் பிடித்ததும், தம் பழைய வகுப்பின் வருகைப் பதிவேட்டை அகர வரிசையில் கூப்பிடத் தொடங்கிவிட்டாராம். பதினோராவது பெயரில் மருத்துவர், “போதும் டீச்சர், எல்லாரும் வந்துவிட்டார்கள்” என்றாராம். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். இதையெல்லாம் அக்காவே சொல்லித்தான் கேட்டேன். எழுதிக் காட்டவில்லை, சொல்லிக் கேட்டேன்.

இது எல்லாருக்கும் ஏற்ற மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். இரு நாண்களும் நடுவில் நின்றுவிட்டால் குரலைவிட மூச்சே கவலை. அதற்கு வேறு அறுவைகள். சில வேளை கழுத்துக்குள் இரத்தம் கட்டும், மூச்சுவழி வீங்கும்; ஆகையால் ஓரிரு நாள் மருத்துவமனையில் கண்காணிப்பார்கள். துண்டு நகர்ந்துவிடுவதும் அரிதாக உண்டு. அப்போது எடுத்துத் திருத்தி வைக்கலாம் என்பது டெஃப்லானுக்கு இல்லாத நன்மை. நாணின் பின்பகுதி இடைவெளி பெரிதாக இருந்தால், 1978இல் இஷ்ஷிகியே வகுத்த மற்றோர் அறுவையைச் சேர்த்துச் செய்வார்கள். கழுத்தின் வேறொரு நரம்பை இணைத்து நாணுக்கு உயிரூட்டும் முறையும் இருக்கிறது. பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். பாடகர்களுக்குப் பழைய உச்சக் குரல் வரும் என்று எவரும் உறுதி கூறார்.

காத்திருப்புக் கணக்குதான் மிக முக்கியமானது. நரம்பு அறுபடாமல் நசுங்கியிருந்தால் தானே மீளக்கூடும். அதனால் நிலையான அறுவைக்கு முன் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வரை பொறுப்பது வழக்கம். அந்தக் காலத்திலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ கரைந்துபோகும் பொருளை நாணில் ஊசியால் செலுத்தி இடைக்காலக் குரல் தரலாம், புரையேறுவதும் குறையும். குரல் பயிற்சியும் உண்டு. சிலருக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. நம் மாநிலத்தில் மைசூரில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இயங்குகிறது. பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்குவதில் நாட்டுக்கே முன்னோடி. ஆனால் தங்கவயலிலிருந்து மைசூர் செல்ல ஒரு நாள் கூலி, இரண்டு இரயில், ஒரு துணை ஆள். பயிற்சியோ வாரந்தோறும்.

என் கணக்குப்படி, சிலிக்கோன் துண்டின் விலை இந்தச் செலவில் சிறு பகுதி. மருத்துவர் தாமே செதுக்கும் துண்டு மலிவு. வெளிநாட்டிலிருந்து அளவெடுத்துச் செய்து வருவது பன்மடங்கு. அக்காவின் கணக்கில் அறுவைச் செலவு மூன்றாவது இடத்தில்தான் வந்தது. முதலிடம் மூன்றாண்டுச் சம்பளக் குறைவுக்கு. இரண்டாமிடம் பலனில்லாத மருந்துகளுக்கும் பயணங்களுக்கும். பொருளாதாரப் பாடநூலில் ‘தகவல் குறைபாடு’ என்று ஓர் அத்தியாயம் வரும். மாணவர்கள் அதைச் சந்தை விலையோடு மட்டும் சேர்த்துப் படிக்கிறார்கள்.

அலுவலர்களுக்கு ஒரு சொல். 2006-07 முதல் நாட்டில் கேளாமைத் தடுப்புக்குத் தேசியத் திட்டம் உள்ளது. அதன் வழியே மாவட்ட மருத்துவமனைகளுக்குக் காதுக்கான கருவிகளும் பயிற்சியும் வந்தன. அதே துறை, அதே மருத்துவர், அதே அறை. குரல்வளையைப் பார்க்கும் நுண்குழல் கருவி ஒன்றும், வாரம் ஒருநாள் வரும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரும் சேர்ந்தால் குரலுக்கும் வாசல் திறக்கும். புதிய கட்டடம் கேட்கவில்லை. தைராய்டு அறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் விடுப்புச் சீட்டிலும், ‘குரல் நாண் அசைவு பார்க்கப்பட்டது: ஆம், இல்லை’ என்று ஒரு வரியும், ‘குரல் வராவிட்டால் இன்ன தேதிக்குள் வருக’ என்று மற்றொரு வரியும் சேர்க்க நிதித்துறையின் ஒப்புதலும் தேவையில்லை.

அக்கா மறுபடியும் வகுப்புக்குப் போகிறார். பழைய குரல் அல்ல; சற்றுத் தடித்திருக்கிறது. ‘ஆ’ என்று பதின்மூன்று நொடி இழுக்கிறார். நான்காவது பாடவேளைக்குப் பிறகு களைப்புத் தெரிவதால், பிற்பகல் வகுப்புகளில் பிள்ளைகளை எழுத வைக்கிறார். இப்போதும் தொலைபேசியில் என்னிடம் கடிதம் போடச் சொல்கிறார். காரணம் கேட்டால், “நீ பேசினால் நிறுத்தமாட்டாய்” என்கிறார்.